சிவப்பு டேக்

முதலில் கல் சரியும் சத்தம்தான் கேட்டது. அதன் பின்னாலேயே இரும்பு பாறையில் மோதுகிற சத்தம். அப்புறம் எதுவுமே இல்லை.

கீழே நின்றிருந்த ரகு கழுத்தை நீட்டி மேலே பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் நாலு பேர் ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேறு கம்பெனி டீம். ஒரு பக்கத் தோள் தொங்கிப்போயிருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. ரகுவைப் பார்த்துக்கொண்டே போனான்.

வடக்குப்பட்டு தாண்டி, கைவிட்ட கல்குவாரியில் மலை சைக்கிள் பந்தயம். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை, நிறுத்தாமல். ஒரகடம் கம்பெனிகளிலிருந்து பன்னிரண்டு டீம். டீமுக்கு மூன்று பேர். ஒருவர் சுற்றி வந்து தன் கையிலிருக்கும் பச்சைப் பட்டையைக் கழற்றி அடுத்தவர் கையில் கட்டினால்தான் அவர் கிளம்பலாம். முறை மாறக்கூடாது, சைக்கிளும் மாறக்கூடாது.

ரகுவின் டீம் மூன்றாவது இடத்தில் இருந்தது.

"கடைசி சுத்து உன்னுதுடா," என்றார் ராஜசேகர். லைன் சூப்பர்வைசர், டீமுக்கும் கேப்டன். "குவாரி எறக்கத்துல மட்டும் பிரேக்கைத் தொடாத. அப்டியே வுட்டின்னா ரெண்டாவது எடம் நமக்கு."

"சரி சார்."

போன சுற்றில் அதே இறக்கத்தில் அவன் சைக்கிளின் பின்சக்கரம் தூக்கிவிட்டது. ஒரு நொடி, குவாரியின் அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீர் தலைக்கு மேலே தெரிந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கயிற்றுக்கு அந்தப் பக்கம் லைன் ஆட்கள் முப்பது பேர் அவன் பேரைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏல ரகு, மூஞ்சி ஏம்ல வெளிறிக் கெடக்கு?" என்றான் திருநெல்வேலிக்காரன் இசக்கியப்பன். "பேய அடிச்சியா, பேயி அடிச்சிதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரகுவும் சிரித்தான். தண்ணீர் பாட்டிலை மூடப் போனான். மூடி கையில் நிற்காமல் கீழே விழுந்து உருண்டது.

அதை எடுத்துக் கொடுத்தவர், அப்போதுதான் சுற்று முடித்து வந்து இறங்கிய நாகப்பன். மெயின்டனன்ஸ் ஃபிட்டர். வயது நாற்பத்தெட்டு. இந்த டீமை ஆரம்பித்ததே அவர்தான்.

நாகப்பன் ரகுவின் கையைப் பார்த்தார். தன் கையிலிருந்த பச்சைப் பட்டையைக் கழற்றவில்லை. ரகுவின் சைக்கிள் பிரேக்கை ஒரு தரம் அழுத்தினார். டூல் பையிலிருந்து ஒரு சிவப்பு டேக்கை எடுத்து, ஏதோ எழுதி, ஹேண்டில்பாரில் மாட்டினார்.

கூச்சல் நின்றது.

கம்பெனியில் மெஷின் பழுதானால் மாட்டுகிற டேக் அது. அதில் யார் பேர் எழுதியிருக்கிறதோ அவர்தான் கழற்றணும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. போன மாதம் நாகப்பன் பிரஸ் மெஷினில் மாட்டிய டேக்கைக் கழற்ற மறந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கம்பெனி பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்தி, அவரைத் திரும்பக் கூட்டி வந்துதான் பிரஸ்ஸை ஓட்டினார்கள்.

"இன்னா நாகப்பா இது? இது கம்பெனியா?" என்றார் ராஜசேகர்.

"இந்த வண்டி ஓடக்கூடாது சார்."

"இன்னா பழுது?"

"ஓடக்கூடாது. அவ்ளோதான்."

ராஜசேகர் டேக்கை நோக்கிக் கையை நீட்டினார். அதற்குள் ரகுவின் கை அதன்மேல் இருந்தது. ஒரு தரம் பார்த்தான். எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பிவிட்டான்.

"வேணாம் சார். ரூல் கீது. பேர் போட்டவருதான் கழட்டணும்."

ராஜசேகரின் கை பதினைந்து வருஷப் பழக்கத்தில் தானாகப் பின்வாங்கியது.

பிறகு ரகு நாகப்பன் பக்கம் திரும்பினான். முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி பேசினான்.

"வயசானா வூட்ல கெடக்கணும். எனக்குப் பேர் வந்துடும்னு வயித்தெரிச்சல். மூணு மாசம் உயிரைக் குடுத்து ஓட்டிக்கினு கீறேன், ஒரு அட்டையை மாட்டிக் கெடுத்துட்டாரு."

"கேளு மக்கா நல்லா," என்றான் இசக்கியப்பன்.

"அடுத்த வருஷம் நீ டீம்ல கெடையாது நாகப்பா," என்றார் ராஜசேகர்.

நாகப்பன் சரி என்று தலையை ஆட்டினார்.

இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் மைக்கில் ஜெயித்த வேறு டீம்களின் பேரையெல்லாம் வாசித்தார்கள். சைக்கிள்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து நாகப்பன் செயினில் அப்பியிருந்த குவாரி மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் பக்கத்தில் இல்லை.

ரகு வந்து நின்றான்.

"பிரேக் நல்லாத்தானே கீதுண்ணே?"

"நல்லாத்தான் கீது."

"எல்லார் எதிர்லயும் அப்படித் திட்டினேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"உண்மையை நீயே சொல்லுவேன்னு பாத்தேன்." நாகப்பன் நிமிரவில்லை. "டேக்கைத்தான் படிச்சியே."

ரகு ஹேண்டில்பாரில் டேக்கைத் திருப்பினான். 'பழுது' என்ற இடத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. 'கழற்ற வேண்டியவர்' என்ற இடத்தில் நாகப்பனின் கோணல் எழுத்தில், அவன் அப்போதே படித்த அதே பேர் இருந்தது.

ரகு.

நாகப்பன் ஒரு பழைய துணியைக் கிழித்துப் பாதியை அவன் பக்கம் போட்டார். ரகு தன் கையாலேயே டேக்கைக் கழற்றி, கீழே உட்கார்ந்து, செயினைத் துடைக்க ஆரம்பித்தான்.