மாமன் வாசித்த மெட்டு

மெட்டின் உச்சிக்கு இன்னும் எட்டுத் தாளம்தான் இருந்தது. கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஷான்போரின் இடது கை விரல் கம்பியில் வழுக்கியதை நான் பார்த்துவிட்டேன்.

நான் பேஸ் கிட்டார், பாட்டுக்கு அடி ஸ்வரம் பிடிக்கிறவன். முப்பது வருஷமாக அவனுக்கு வலப்பக்கம் நிற்கிறேன். பேஸ் வாசிக்கிறவனைப் பாட்டுப் பைத்தியம் பிடித்த எங்கள் ஷில்லாங்கில்கூட எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் சாவகாசமாக எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தேவாலயத்தை ஒட்டிய மண்டபம். கல்யாணச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. மெட்டு தொடங்கியதும் பன்றிக்கறிச் சோற்றுத் தட்டுகள் ஒவ்வொன்றாக மடியில் இறங்கின.

ஷான்போர் வேகமாக வாசித்தால் பையன்கள் வாயைப் பிளந்து விரலைப் பார்ப்பார்கள். இந்த ஒரு மெதுவான மெட்டுக்கு மட்டும் ஊரே அடங்கிப் போகும். பாடகன் இல்லை, வரி இல்லை, வெறும் கிட்டார். கறிக்கடைக்காரர் இதைக் கேட்டுச் செத்துப்போன தன் அம்மாவை நினைத்துக்கொள்வார். டாக்சிக்காரன் விட்டுப்போனவளை நினைத்துக்கொள்வான். அவரவர் சுமையை அவரவர் அதில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

வாசிப்பவன் பாடு வேறு. வேகப் பாட்டில் பத்து ஸ்வரம் தப்பினாலும் ஒருவருக்கும் தெரியாது. இதில் ஒளிய இடமே கிடையாது. உச்சி ஸ்வரத்துக்குக் கம்பியை விரலால் தள்ளி ஏற்ற வேண்டும். ஏற்றியதை இறக்காமல் பிடித்து அசைக்க வேண்டும்.

கல்யாணங்களில் இதை அவன் வாசிப்பதே இல்லை. மணப்பெண் ஐபான்தான் ஒற்றைக் காலில் நின்றாள்.

"மாமா, நீங்க வாசிக்கலைன்னா நான் கேக் வெட்ட மாட்டேன். எல்லாரும் பட்டினியா வீட்டுக்குப் போகட்டும்."

மாமன். சொன்னால் சிரிப்பீர்கள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஐபானின் அம்மா சில்வரினுக்கும் ஷான்போருக்கும் நிச்சயம் நடக்க இருந்தது.

அதற்கு முன் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் குலம் விசாரிக்க உட்கார்ந்தார்கள். எங்கள் மலை ஜனங்களில் பிள்ளைகளுக்கு அம்மாவின் குலப்பெயர்தான். ஒரே குலம் என்றால் கூடப் பிறந்தவர்கள். அவர்களுக்குள் கல்யாணம் என்பது மன்னிப்பே இல்லாத பாவம்.

இவர்களுக்கோ குலப்பெயர் வேறு வேறு. அந்தத் தைரியத்தில் இரண்டு வருஷம் ஊர் சுற்றியிருந்தார்கள்.

ஒரு கிழவர் பாக்கை மென்றுகொண்டே ஞாபகப்படுத்தினார். எப்போதோ முன்னோர்கள் சத்தியம் செய்து இரண்டு குலத்தையும் ஒன்றாக்கியிருக்கிறார்களாம். பெயரை மாற்றத்தான் மறந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வரை காதலி. சனிக்கிழமை தங்கச்சி.

அதன்பின் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினாலே பாவம். அந்த மாதம்தான் ஷான்போருக்கு இந்த மெட்டு வந்தது. எத்தனையோ பேர் இதற்கு வரி எழுதி எடுத்துக்கொண்டு வந்தார்கள், எல்லாரையும் திருப்பி அனுப்பினான்.

சில்வரினுக்குக் கூடப் பிறந்த ஆண்கள் இல்லை. மாமன் இல்லாமல் எங்கள் கல்யாணத்தில் ஒரு துரும்பும் நகராது. போன மாதம் அவளே பாக்குத் தட்டோடு வந்து, "அண்ணா, நீங்கதான் மாமனா நிக்கணும்" என்றாள்.

சரி என்றான். வேறென்ன சொல்வான், பாவி.

இப்போது அவள் முதல் வரிசையில், கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஷான்போர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. இரண்டு குடும்பமும் எதிரில். இவன் உடைந்தால் மண்டபத்துக்கே தெரிந்துவிடும். இத்தனை வருஷம் கட்டிக் காத்த மரியாதை, அவளுடையதும் சேர்த்து, ஒரு நொடியில் போய்விடும்.

தொண்டை அடைத்தால் பாடகன் இருமிச் சமாளிப்பான். விரல் அடைத்தால் என்ன செய்வது?

உச்சி வந்தது. கம்பியைத் தள்ளினான். ஸ்வரம் ஒரு மயிரிழை கீழேயே நின்றது. மேலே ஏற மறுத்தது.

அவன் கிட்டாரைப் பிடுங்கி நான் வாசிக்கவா முடியும்? அவன் ஏறும்வரை என் அடி ஸ்வரத்தை மட்டும் விடாமல் நீட்டிப் பிடித்தேன். தாளம் தள்ளிப் போகிறதென்று ட்ரம்காரன் என்னை முறைத்தான். முறைக்கட்டும்.

ஷான்போர் கண்ணை மூடினான். மெல்ல மெல்ல, வலிக்கிற மாதிரி, அந்த ஸ்வரம் ஏறிப் போய்த் தன் இடத்தில் நின்றது. நின்று அசைந்தது. பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். தாமதித்ததையே ஒரு வித்தை என்று நினைத்துப் பையன்கள் விசிலடித்தார்கள்.

முடித்துவிட்டான்.

முதலில் எழுந்து வந்தது சில்வரினின் கணவர். கண்ணெல்லாம் ஈரம். "மச்சான், எனக்காகவே போட்ட மெட்டு மாதிரி இருக்கு மச்சான்" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். நல்ல மனிதர். திட்டக்கூட முடியாது.

அவர் நகர்ந்ததும் ஐபான் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இதுக்கு வரியே கிடையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறீங்களே மாமா? அம்மா சமையல்கட்டுல தனியா இருக்கறப்ப இதை வரியோடதான் பாடுறாங்க!"

கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்த ஷான்போரின் கை நின்றது. என்னைப் பார்த்தான். அவன் கேட்க முடியாது.

"என்ன வரிம்மா?" நான்தான் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நான் உள்ள போனா நிறுத்திடுவாங்க."