அறுபத்து நான்காம் படி

எழுபத்தொன்றாம் படியில் பொட்டு இல்லை.

கோதண்டம் குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தான். இரவு பெய்த மழையின் ஈரம்தான் விரலில் ஒட்டியது.

முகம் தெரியாத அந்த ஆள் வராமற்போனது இது மூன்றாம் நாள்.

தணிகை மலைக்குப் படிகள் முந்நூற்று அறுபத்தைந்து. குடியை விடுவதாக நேர்ந்துகொண்டவன் நாளுக்கொரு படியாக, இடது ஓரத்தில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்து ஏற வேண்டும். சுண்ணாம்பு தடவிய பானையில் இறங்குவது பதநீர். தடவாத பானையில் இறங்குவது கள். மரமேறிகள் ஏற்படுத்திய நேர்த்திக்கடன் அது. நடுவில் குடித்தவன் முதற்படிக்குத் திரும்ப வேண்டும். எந்தப் பொட்டு யாருடையது என்று ஒருவரும் கேட்கலாகாது. தன்னுடையது என்று ஒருவரும் சொல்லலாகாது.

கோதண்டத்துக்கு இன்று அறுபத்து நான்கு.

மூடிக் கிடந்த கள்ளுக்கடையை யுத்தத்தின் நடுவே சர்க்கார் மறுபடியும் திறந்தது. அடுத்த மாதமே அவன் மனைவி ரத்தினம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆர்.கே.பேட்டைக்கு, தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள். "மேல்படியில பொட்டு வெச்சிட்டு ஆள் அனுப்புங்க, வரேன்" என்பதுதான் அவள் வண்டியேறும்போது சொன்னது.

படியேறத் தொடங்கும் முன்பும் அவன் துணை தேடாமல் இல்லை.

கடைத்தெருப் பஜனைக் கோஷ்டியில் சேர்ந்தான். அவன் பாட வாயைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்தவர் மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தார். அரக்கோணத்து மதுவிலக்குச் சங்கத்தில் அவனை மேடையேற்றித் தன் வாயாலேயே தன் கதையைச் சொல்ல வைத்தார்கள். சபை கைதட்டியது. கைதட்டியவர்களில் ஒருவரும் ரயிலடி வரைகூட உடன் வரவில்லை. அன்றிரவு அவன் குடித்தான்.

துணையாக நின்றது அந்தப் பொட்டு ஒன்றுதான். என்றும் ஏழு படி முன்னால், சற்றே கோணலாக, இடக்கை விரலால் வைத்ததுபோல் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை வைப்பான். அறுபத்தொரு நாள் அப்படிக் கழிந்தது.

பொழுது புலரும்வரை காத்திருந்தான். எவரும் வரவில்லை.

வெற்றிலையில் மடித்துக் கொண்டுவந்த சுண்ணாம்பைப் பிரிக்காமலே இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தான். கடை திறக்கும் நேரம். காலைக் கள் தெளிவாக இருக்கும்.

இறங்கினான்.

இருபத்திரண்டாம் படியில் கால் நின்றது. இடது ஓரத்தில் ஒரு பொட்டு, இன்னும் உலரவில்லை.

அவன் வைத்தவை எல்லாம் இரவு மழையில் கரைந்துவிட்டன. இருட்டில் ஏறியபோது காலடியிலிருந்த கல் கழுவிவிட்டதுபோல் கிடந்ததை அவனே பார்த்திருந்தான். தனக்குக் கீழே இருந்த பொட்டெல்லாம் தான் வைத்தவை என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தான்.

ஒன்பதாம் படியில் ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலில் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டிருந்தான். கண்ணையன். கள்ளுக்கடையில் அளந்து ஊற்றுபவன். கோதண்டம் இப்போது போய் நின்றால் மொந்தையை நீட்ட வேண்டியவன்.

"இன்னா நைனா, அதுக்குள்ள எறங்கிக்கினு வர்றீங்க?" என்றான் கண்ணையன். "கடைக்கா? சாவி என் மடியில இருக்குது. ஊத்துற கை வேற, குடிக்கிற வாய் வேறன்னு ஒம்பது நாளா பழக்கிக்கினு இருக்கேன்."



கண்ணையன் பொட்டை வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து அழகு பார்த்தான்.

"மேல ஒருத்தர் அறுபதைத் தாண்டிப் போய்க்கினு இருக்காருங்க. யாரோ, எவரோ. தெனம் போய் அந்தப் பொட்டைப் பார்த்துட்டுதான் கடையத் தொறக்கறது. அது அங்க இருந்தா எனக்கும் அன்னிக்கு ஒண்ணும் ஆவாது. இனிமேதான் போவணும்."

அவன் முழங்காலில் கையூன்றி எழப் பார்த்தான்.

"இரு, கண்ணையா" என்றான் கோதண்டம். "துண்டை மேலயே வுட்டுட்டேன். எடுத்தாந்துடறேன்."

கண்ணையன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மறுபடியும் படியில் உட்கார்ந்துகொண்டான்.

"ஆங், போய்ட்டு வாங்க. நான் மெதுவா வரேன்."

கோதண்டம் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். மூச்சு வாங்கியது. பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

அறுபத்து நான்காம் படியில் மண்டியிட்டு வெற்றிலையைப் பிரித்தான். இடது ஓரத்தில், வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக வைத்தான். நிமிர்ந்து பார்த்தான். மேலே உச்சிவரை வெறுங்கல்.

வெகு கீழே ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவசரமில்லாமல் ஏறத் தொடங்கும் சத்தம் அப்போதுதான் கேட்டது.

விரலில் எஞ்சிய சுண்ணாம்பைக் கோதண்டம் துடைத்தான், விடியற்காலையிலிருந்தே தோளில் கிடந்த துண்டில்.