ஒன்று பத்துக்கு அடிக்கிற போன்

"இன்னைக்கும் அந்தம்மா போன் அடிச்சா சும்மா விடாதே, திவா. எல்லார் முன்னாலயும் கேட்டுடு. இல்லேன்னா இனிமே வராதீங்கன்னு நானே லெட்டர் குடுத்துடுவேன்."

கழகத் தலைவர் ராமநாதன் சொல்லிவிட்டுச் சோறு எடுக்கப் போய்விட்டார். திவாகர் தலையை ஆட்டிவைத்தார். மறுத்துப் பேசக்கூடத் தெம்பு இல்லை. விரி தொழிற்பேட்டையில் குடோன் வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு, லாரிகளுக்கு நடுவே காரில் ஊர்ந்து வந்த களைப்பே இன்னும் தீரவில்லை.

பாட்டனி டவுன்ஸ் பகுதியில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, புதன்கிழமை மதியம் கூடிச் சாப்பிடுகிற தமிழர் சேவைக் கழகம் அது. மலேசியா, சிங்கப்பூர், யாழ்ப்பாணம் என்று எல்லா ஊர்க்காரரும் உண்டு. மரம் நடுவது, ரத்தம் கொடுப்பதெல்லாம் சனிக்கிழமைகளில். புதன்கிழமை சிரிக்க மட்டும்.

அதற்கென்று ஒருவரை 'சார்ஜன்ட்' ஆக்கி வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிகிற நேரத்தில் அவர் எழுந்து ஜோக் சொல்வார். இல்லாத குற்றத்தைக் கண்டுபிடித்து ஆளுக்கு ரெண்டு டாலர் அபராதம் போட்டு, டின்னைக் குலுக்கி வாங்குவார். புதுச் சட்டை போட்டு வந்தால் அபராதம், பழையதைப் போட்டு வந்தாலும் அபராதம்.

நாலு வருஷமாக சார்ஜன்ட் திவாகர்தான். முதல் மூன்று வருஷம் கொடிகட்டிப் பறந்தார். போன வருஷம் அவர் மனைவி சாந்தா இறந்துபோனாள்.

மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருப்பாள் சாந்தா. வீட்டில் பத்துத் தடவை கேட்ட ஜோக்காக இருந்தாலும், கணவர் முடிப்பதற்குள் சிரித்துவிடுவாள். அவள் ஆரம்பித்தால் கூடமும் கூடவே சிரிக்கும். இப்போது ஆரம்பித்து வைக்க ஆளில்லை. பதவியை விட்டுவிடலாம்தான். விட்டால் மற்ற ஆறு நாளைப் போலப் புதன்கிழமையும் வெறும் வேலையும் வெறும் வீடுமாக ஆகிவிடும் என்று பயந்துதான் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் இந்த வசந்தமலர் வேறு.

சாந்தாவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். அறுபத்தைந்து வயது, துணிக்கடையில் பகுதிநேர வேலை. இரண்டு மாதமாக, சரியாகத் திவாகர் ஜோக் சொல்லும்போது அவருடைய போன் நாதஸ்வரத்தில் அலறும். பதறிப்போய்க் கைப்பையைக் கவிழ்ப்பார், கண்ணாடியைத் தேடுவார், எதையோ அழுத்தி இன்னும் சத்தமாக்குவார். கூடமே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். திவாகர் ரெண்டு டாலர் அபராதம் போட, அந்தச் சிரிப்போடு கூட்டம் கலையும்.

ஒரு போனை அமைதியில் வைக்கத் தெரியாதா என்று திவாகருக்கும் எரிச்சல்தான். உட்கார்ந்து யோசித்த ஜோக்குக்கு வராத சிரிப்பு அந்த போனுக்கு வருகிறதே என்ற வயிற்றெரிச்சலும் உண்டு.

அன்றும் மணி ஒன்று ஐந்துக்கு எழுந்தார். முதல் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவதற்கு, அன்றைக்குப் பேச வந்திருந்த பல் டாக்டர் மரியாதைக்காகத் தன் பல்லைக் காட்டினார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மனப்பாடம் செய்திருந்த மூன்றாவது ஜோக் பாதியில் மறந்துபோனது. தட்டுகளில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

நாதஸ்வரம் அலறியது.

கூடம் கொல்லென்று சிரித்தது. ராமநாதன் மட்டும் சிரிக்காமல் திவாகரைப் பார்த்தார். திவாகர் மைக்கை வைத்துவிட்டு மூன்றாவது மேசைக்குப் போனார்.

"எத்தனை வாரம்தான் சொல்றது, அக்கா? குடுங்க, நானே நிறுத்துறேன்."

"வேண்டாம் தம்பி. நான் நிப்பாட்டுறன்."

எப்போதும் போனைக் கண்டே பயப்படுகிறவர், இன்றைக்கு அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். திவாகர் விடவில்லை, பிடுங்காத குறையாக வாங்கிவிட்டார்.

திரையில் யார் பெயரும் இல்லை. அது அலாரம். வாராவாரம் புதன்கிழமை, ஒன்று பத்து. வசந்தமலரின் இன்னொரு கையைப் பார்த்தார். உள்ளங்கையில் ரெண்டு டாலர் காசு முன்கூட்டியே தயாராக இருந்தது.

"யாரும் கூப்பிடலையேக்கா" என்றார் மெதுவாக.

வசந்தமலர் தலை நிமிரவில்லை. "சாந்தா இருந்தா உங்கட பகிடிக்கு முதல் ஆளாச் சிரிச்சிருப்பா. எனக்கு அப்பிடித் தொடக்கி வைக்கத் தெரியாது, தம்பி. அதுதான் இது."

கூடத்தின் சிரிப்பில் அது வேறு யார் காதிலும் விழவில்லை. "யாருலா போன்ல? கேளு திவா" என்று தலைவர் மேசையிலிருந்து ராமநாதன் தன் மலேசிய இழுவையில் குரல் கொடுத்தார்.

திவாகர் அந்தக் காசை வசந்தமலரின் கைக்குள்ளேயே மூடிவைத்தார். திரும்பி நடந்துபோய், தன் பையிலிருந்து ரெண்டு டாலரை எடுத்து டின்னில் போட்டார். மைக்கை எடுத்தார்.

"போன் எனக்குத்தான். இத்தனை வாரமா எனக்குத்தான் வந்திருக்கு. அபராதம் நான்தான் கட்டணும்."

உண்மையைத்தான் சொன்னார். ஒரு வருஷமாக அவர் ஜோக்குக்குச் சிரிக்காத கூடம், ராமநாதன் உட்பட, அதற்கு விழுந்து விழுந்து சிரித்தது.

முதலில் சிரித்தவர் வசந்தமலர்.