அம்மாவின் சம்மதம்

“உங்க பெரிய பையன் பிறந்தப்போ சேமிச்சு வச்ச தொப்புள்கொடி ரத்தம் சின்னவனோட சிகிச்சைக்குப் பொருந்துது. கொஞ்சம்தான் இருக்கு. லேப்ல செல்லை வளர்த்துப் பெருக்கிக்கலாம். ஆனா பெரியவனோட அம்மா சம்மதிக்கணும்” என்றார் டாக்டர்.

வேறு வழியில்லை. விவாகரத்தான கையோடு ப்ளாக் செய்திருந்த முதல் மனைவியின் எண்ணை விடுவித்து, அவளை அழைத்தான்.

விஷயத்தைக் கேட்டதும், “எடுத்துக்கோங்க” என்றாள்.

வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வருவாள் என்று பயந்திருந்தவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நீ மகராசியா இருக்கணும்! பெரியவன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடு. தம்பிக்குத்தானே, மாட்டேன்னா சொல்லப் போறான்? அவனுக்கு ஒரு சைக்கிள் வாங்கி அனுப்பறேன்.”

“சைக்கிள் வேணாங்க.”

“ஏன், என்மேல கோவமா இருக்கானா? போனை அவன்கிட்ட குடு.”



“போன வருஷம் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, ‘போனைக் குடும்மா, அப்பாகிட்டப் பேசணும்’னு அவனும் இப்படித்தான் கேட்டான். எத்தனை தடவை போட்டாலும் பிஸின்னே வந்துச்சு. காய்ச்சல்னு சேர்த்த பிள்ளை வீடு திரும்பல. நான் வளர்த்தது நிலைக்கலைங்க. லேப்ல வளர்றதையாவது பக்கத்துல இருந்து பார்த்துக்கோங்க.”