எலுமிச்சம்பழம் யாருக்கு?

பழைய கார் ஒன்றின் ஸ்டியரிங்குக்கு உடம்பெல்லாம் வெடிப்பு. ஒரு நாள் முதலாளி வெடிப்புகளில் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தோலை உரித்து, கறுப்புப் பெயின்ட் அடித்தார். மறுபடி ரோட்டில் ஓடப்போகிறோம் என்று ஸ்டியரிங் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்தது.

"ரொம்பப் பூரிக்காதே அண்ணே. சக்கரத்தடியில எலுமிச்சம்பழம் வைக்கட்டும், அப்புறம் நம்பு" என்றது ஹாரன்.

புறப்படும் நாளில் முதலாளி எலுமிச்சம்பழத்தோடுதான் வந்தார்.

"பார்த்தியாடா, வாயாடி!"

ஆனால் காரைப் பலகை வழியாக ஒரு லாரிமேல் தள்ளி ஏற்றினார்கள். ஸ்டியரிங்கையும் அசையாமல் கயிற்றால் கட்டினார்கள். பழங்கள் லாரிச் சக்கரத்தடியில் நசுங்கின.

"அநியாயமா இருக்கே! தோலை உரிச்சுக்கிட்டது நான், பழம் இவனுக்கா?"

முன்னாலிருந்து லாரியின் ஸ்டியரிங் பேசியது. அதைச் சுற்றியிருந்த கலர் ஒயரெல்லாம் பிய்ந்து, டிரைவர் கை வேர்வையில் நனைந்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்க. கண்காட்சியில உங்களை வைக்கப்போறாங்களாம். இனிமே உங்க மேல ஒரு கையும் படக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அதை ஏன்டா முன்னாடியே எவனும் சொல்லலை?"

முதல் வளைவு வந்தது. பழைய ஸ்டியரிங் தன் பலத்தையெல்லாம் கூட்டித் திரும்ப முயன்றது. கயிறு விடவில்லை. லாரிதான் திரும்பியது.