ஓசி நெட்

“சந்தேகமே வேண்டாம், மாடி வீடுதான்,” என்றார் கணவர். “மேல உட்கார்ந்துக்கிட்டு நம்ம நெட்டை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுறாங்க.”

டீச்சருக்கும் அதே சந்தேகம்தான். மூன்று வாரமாக அவளுடைய ஆன்லைன் கணக்கு வகுப்பு திக்கித் திணறித்தான் நடக்கிறது. போன வாரம் ஒரு கேள்வி கேட்க வாயைத் திறந்தவள், திறந்த வாயோடு திரையில் உறைந்துபோனாள். பிள்ளைகள் அதைப் படம் பிடித்து வகுப்புக் குழுவில் போட்டுவிட்டார்கள்.

பெற்றோர் தரப்பில் இதுவரை இரண்டு புகார். இன்று நாலு மணி வகுப்பைப் பார்க்க நிறுவனத்திலிருந்து மேலாளரே ஆன்லைனில் வருகிறார். இன்றும் உறைந்தால் வகுப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

“என் போன்லேர்ந்து மூணு தடவை பாஸ்வேர்டை மாத்திட்டேன். எப்படித்தான் உள்ள நுழையுறாங்களோ,” என்று கணவர் வியந்தார்.

டீச்சரும் சும்மா இருக்கவில்லை. நேற்று மாடி வீட்டுக்காரி எதிரே வந்தபோது, “சில பேருக்கு எல்லாமே ஓசியில வேணும்,” என்று படிக்கட்டிடம் சொல்வதுபோல் சொல்லிவைத்தாள்.

அவளோ சிரித்துக்கொண்டே, “ஆமா டீச்சர். வகுப்பு நல்லாப் போச்சா?” என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

என்ன நெஞ்சழுத்தம்.

மூன்று மணிக்கு நெட்காரர் வந்தார். நரைத்த மீசை, தோளில் பை. ரூட்டரைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். மறுபடியும் ரூட்டரைப் பார்த்தார்.

“இந்தச் சிவப்பு லைட் எத்தனை நாளா எரியுது மேடம்?”

“அதுல எப்பவும் ஏதாவது ஒண்ணு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்.”

“சார் பாஸ்வேர்டை மாத்தினாரே, அப்ப லேப்டாப் உங்ககிட்ட புதுசைக் கேட்டுச்சா?”

“கேக்கல. அதுக்கு என்னைத் தெரியும்ல,” என்றாள் டீச்சர் கொஞ்சம் பெருமையாக.

நெட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“மேடம், உங்க லைன் செத்து மூணு வாரம் ஆகுது. லேப்டாப் ஓடிக்கிட்டிருக்கிறது மாடி வீட்டு நெட்டுல. சார் போன் அதோட சிம் நெட்டுல.”

டீச்சர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“ரெண்டு வீட்டுக்கும் ஒரே கம்பெனி. நெட்டோட பேரும் ஒண்ணுதான், கடைசி நம்பர் மட்டும் வேற. எப்பவாவது அவங்க பாஸ்வேர்டை வாங்கினீங்களா?”

வாங்கினார்கள். குடிவந்த முதல் வாரம், இவர்களுக்கு லைன் வரும்வரை. டீச்சரே மேலே போய்க் கேட்டு வாங்கி வந்தாள்.

“அதை லேப்டாப் மறக்கல. இங்க நெட் வரலைன்னதும் தெரிஞ்ச வீட்டுக்குப் போயிடுச்சு. நடுவுல கான்கிரீட் தளம் இருக்கு. அதைத் தாண்டி இவ்வளவு வந்ததே பெரிசு.”

கணவருக்கு அன்றைய பேப்பரில் அவசரமாகப் படிக்க ஏதோ இருந்தது.

மொட்டைமாடிச் சாவி மேல் வீட்டில்தான் இருந்தது. அந்த அம்மாளே கதவைத் திறந்துவிட்டாள். அணில் கடித்த ஒயரை நெட்காரர் மாற்றிவிட்டு இறங்கி வந்தபோது, என்ன ஆச்சோ என்று அவளும் பின்னாலேயே வந்துவிட்டாள். மணி மூன்றே முக்கால். ரூட்டரில் பச்சை எரிந்தது.

“பாஸ்வேர்டு சொல்லுங்க மேடம், கனெக்ட் பண்ணிடறேன்.”

டீச்சர் கணவரைப் பார்த்தாள். பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

“நானே அடிக்கிறேன்,” என்று குனிந்தாள். தவறு என்றது லேப்டாப். இன்னொரு தரமும் தவறு என்றது.

“நேரமாகுது மேடம். வாயால சொல்லுங்க.”

“ஓசிக்கு இடமில்லை,” என்றாள் டீச்சர் தரையைப் பார்த்து. “இங்கிலீஷ் எழுத்துல. நடுவுல இடம் விடாம.”

மாடி வீட்டு அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். “நல்ல பாஸ்வேர்டு டீச்சர். லேசுல யாரும் கண்டுபிடிக்க முடியாது.”

“நான் உங்க நெட்டுல இருந்தது உங்களுக்குத் தெரியாதாக்கா?”

“தெரியுமே. எங்க போன்ல ‘டீச்சர் லேப்டாப்’னு காட்டுச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா கூச்சப்பட்டு உடனே கழட்டிடுவீங்க. வகுப்பு என்ன ஆகும்?” என்றவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “போய் உட்காருங்க. மணி ஆகப்போகுது.”

அன்றைக்கு வகுப்பு வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரிப் போனது. ஒரு இடத்திலும் திக்கவில்லை. கடைசியில் மேலாளர், “இவ்வளவு தெளிவா இருக்கு. எதுக்குப் புகார் பண்ணினாங்கன்னே புரியல. நீங்களே தொடருங்க,” என்றார். டீச்சர் நாற்காலியில் சாய்ந்து, மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

அடுத்த வேலை மன்னிப்புக் கேட்பது. ஐந்தடித்து ஐந்து நிமிடத்தில் மாடிப்படி ஏறினாள்.

கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் டிவி அணைந்திருந்தது. மேஜைமேல் நான்கு போன்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. மகள்கள் இருவரும் ஜன்னலோரம் ஆளுக்கொரு புத்தகத்தோடு இருந்தார்கள்.

“கரண்ட் இல்லையாக்கா?”

“அதெல்லாம் இருக்கு. நாலு மணியிலேர்ந்து உங்க வகுப்பு முடியுற வரைக்கும் இங்க யாரும் நெட்டைத் தொடுறதில்ல. உங்களுக்குத் திக்கிடக் கூடாதுல்ல?” அந்த அம்மாள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். “இன்னைக்கு உங்க லைனே சரியாயிடுச்சுல்ல. பழக்கதோஷத்துல இன்னைக்கும் அணைச்சு வச்சுட்டோம் பாருங்க.”



உள்ளேயிருந்து அந்த வீட்டுக்காரர் வந்தார். ஆறடி ஆள். டீச்சரைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்.

“வகுப்பு முடிஞ்சுதா டீச்சர்? டிவி போட்டுக்கலாமா?”