தோளில் ஒரு கை

தன் மகள் வளைகாப்பில் முதல் வளையல் போட ஓரகத்தி மைதிலி என்னை அழைக்கவில்லை. நானும் சாப்பிடாமலே வந்துவிட்டேன். குடும்பப் படத்திலிருந்து அவளை நீக்கத்தான் ஆவடியில் போட்டோஷாப் வகுப்பில் சேர்ந்தேன்.

அவள் முகம், புடவை எல்லாம் போய்விட்டன. என் தோள்மேல் போட்டிருந்த கை மட்டும் போகவில்லை. அழித்தால் என் தோளும் சேர்ந்து அழிந்தது.

"தம்பி, இந்தக் கையை எப்படி எடுக்கிறது?"

சொல்லித்தரும் வினோத் திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாக்கா, காலை பேட்ச்ல ஒரு அக்காவும் இதே போட்டோவதான் வெச்சினு கீறாங்க. அதுல உங்க மூஞ்சி இல்ல. அவங்க தோள்மேல உங்க கை மட்டும் கீது."

"அதை எடுத்துட்டாளா?"

"எங்க! அழிக்கிறாங்க, அப்பால அவங்களே திரும்பக் கொண்டாந்துடுறாங்க."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"தம்பி, நாளையிலேர்ந்து நானும் காலை பேட்ச்சுக்கே வரட்டுமா?"